குடிக்கக் கூட்டு உண்டு. விடுவதற்குக் கூட்டு எங்கே?

குடிக்கிற தொழிலாளிக்குக் கூட்டாளி தேடித் தர வேண்டியதில்லை. சம்பளம் போட்ட அன்று மாலை மில் கேட்டைத் தாண்டினால் போதும், "வா மாப்பிள்ளை" என்று தோளில் ஒரு கை விழும். அறுப்பு முடிந்து கூலி கைக்கு வந்த அன்று களத்து மேட்டிலிருந்தே நாலு பேர் சேர்ந்து கிளம்பி விடுவார்கள். கையில் காசில்லாதவனுக்கும் ஒரு கட்டிங் ஊற்ற ஆள் உண்டு. பாதைக்கு நடுவே விழுந்து கிடந்தால் தூக்கி வந்து திண்ணையில் போடவும் ஆள் உண்டு.

அதே தொழிலாளி ஒரு நாள் காலையில் எழுந்து, "போதும், இனிமேல் தொட மாட்டேன்" என்று முடிவு செய்கிறான். அன்று மாலை அவனுக்கு யார் கூட்டு? பழைய கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று பந்தயம் கட்டுகிறார்கள். வீட்டில் மனைவி நம்பவில்லை. பத்துத் தடவை கேட்ட சத்தியம் அது. சங்கத் தோழர்களோ, "நல்ல முடிவு தோழரே" என்று முதுகில் தட்டி விட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய் விடுகிறார்கள். மணி ஆறாகிறது. ஏழாகிறது. கை நடுங்குகிறது. கடை திறந்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்ட அவனுக்குத் துணை ஒருவரும் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

கடை யாருடையது?

"தொழிலாளிக்கு உபதேசம் செய்யாதீர்கள், கடையைத் திறந்து வைத்திருப்பவனைக் கேளுங்கள்" என்று சில தோழர்கள் சொல்வார்கள். நியாயம்தான். கேட்கத்தான் வேண்டும். மதுவிலக்கைக் கொண்டுவர முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு சர்க்காருக்குச் சொல்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் செய்தது என்ன? 1983-ல் டாஸ்மாக் கம்பெனியைத் தொடங்கியது. 2003-ல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்த ஆரம்பித்தது. 2022-23-ம் ஆண்டில் மது மூலம் வந்த வருமானம் 44,121 கோடி ரூபாய். 2023 ஜூன் மாதம் 500 கடைகளை மூடினார்கள். அந்த ஆண்டு வருமானம் குறைந்ததா? 45,855 கோடியாக ஏறியது. 2024-25-ல் 48,344 கோடி! கடையின் எண்ணிக்கை குறைந்தது; கல்லா குறையவில்லை.

இந்தப் பணம் யார் மடியிலிருந்து போகிறது என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கள்ளச் சாராயமும் ஒழியவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள்.

ஆகவே கடைக்கு எதிரான போராட்டம் வேண்டும். அதில் இரண்டு அபிப்ராயம் இல்லை. ஆனால், "சமுதாயம் மாறினால் குடியும் போய்விடும், அதுவரை இதையெல்லாம் பேசிப் பயனில்லை" என்ற வாதத்தை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. சோவியத் சர்க்காரே 1925-ல் ஓட்கா விற்பனையை மறுபடி தொடங்கியது. அறுபது ஆண்டு கழித்து, 1985-ல், குடிக்கு எதிராக நாடு தழுவிய இயக்கம் நடத்த வேண்டி வந்தது. நம் மாநிலத்திலேயே 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாக் கடைகளும் ஒரேயடியாக மூடப்பட்டன. குடிக்குப் பழகிய உடம்புகள் என்ன ஆயின? நடுக்கமும் வலிப்பும் கண்டவர்கள் பலர். வார்னிஷையும், முகச் சவரத்துக்குப் பூசும் திரவத்தையும் குடித்துச் செத்தவர்களும் உண்டு. மே மாதம் 7-ந் தேதி கடையைத் திறந்த அன்று நின்ற வரிசையை நாடே பார்த்தது.

கடையை மூடுவது ஒரு வேலை. குடிக்கிறவனை மீட்பது வேறொரு வேலை. முதல் வேலை முடிந்தால் இரண்டாவது தானாக முடிந்து விடாது.

உபதேசமும் சத்தியமும்

குவார்ட்டர் ஒன்று சுமார் 150 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். தினம் ஒன்று என்றால் மாதம் 4,500 ரூபாய். வருஷத்துக்கு 54,000 ரூபாய்க்கு மேல். ஒரு மேடைப் பேச்சாளர் இந்தக் கணக்கைச் சொல்லி, "இந்தப் பணத்தில் பிள்ளையைப் படிக்க வைக்கலாமே!" என்பார். கை தட்டுவார்கள். குடிக்கிறவனும் சேர்ந்து கை தட்டுவான். இந்தக் கணக்கு அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ராத்திரி தூக்கம் பிடிக்காமல் அவன் போட்டுப் பார்த்த கணக்குதான் அது. கணக்குத் தெரியாததால் அவன் குடிக்கவில்லை.

நைட் ஷிப்டில் எட்டு மணி நேரம் நின்று நூல் முடிந்தவனுக்குக் காலும் இடுப்பும் கழன்று போகின்றன. காலை முதல் சேற்றில் நின்றவளுக்கும் நின்றவனுக்கும் உடம்பெல்லாம் வலி. அந்த வலிக்கு மருந்தென்றுதான் பலர் ஆரம்பிக்கிறார்கள். பிறகு வலி இல்லாத நாளிலும் வேண்டியிருக்கிறது. கடைசியில் காலையில் கை நடுங்காமல் டீ கிளாஸைப் பிடிப்பதற்கே வேண்டியிருக்கிறது. அந்த நிலைக்கு வந்தவரை வைத்தியர்கள் நோயாளி என்கிறார்கள். "நோய் என்று சொன்னால் அவன் செய்ததெல்லாம் சரியாகி விடுமா?" என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். ஆகாது. காசநோய் வந்தது ஒருவருடைய குற்றமல்ல. ஆனால் மாத்திரை சாப்பிட வேண்டிய பொறுப்பு அவருடையதுதான். குடிநோயும் அப்படித்தான்.

சத்தியம் செய்து விடுபவர்களும் உண்டு. கோயிலில் கயிறு கட்டிக் கொள்வார்கள். கார்த்திகையில் மாலை போட்டு 48 நாள் சொட்டுக்கூடத் தொடாமல் இருப்பார்கள். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போகிறவர்களைக் கண்டு ஊர் சிரிக்கும். நாம் சிரிக்க வேண்டாம். அந்த 48 நாள் எப்படி முடிந்தது என்று யோசிப்போம். பக்தி என்பார்கள். இருக்கட்டும். ஆனால் கூடவே வேறு சில விஷயங்களும் நடக்கின்றன. விடியற்காலையில் எழுப்ப ஆள் இருக்கிறது. மாலையானால் கூடி உட்கார ஓர் இடம் இருக்கிறது. தன்னைப் போலவே விரதம் இருக்கும் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஊற்றிக் கொடுக்க எவனும் துணிவதில்லை. 49-வது நாள் அந்தக் கூட்டம் கலைந்து விடுகிறது. மறுபடி அவன் தனி ஆள்.

கூட்டம் கலையாமல் இருந்தால்?

ஒரு தையற்காரர், ஒரு தச்சர், இரண்டு கொல்லர்கள்

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் டாக்டர்களும் அல்ல, பாதிரிமார்களும் அல்ல. 1840-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துச் சாராயக் கடை ஒன்றில் உட்கார்ந்து குடித்துக் கொண்டிருந்த ஆறு உழைப்பாளிகள். ஒருவர் தையற்காரர், ஒருவர் தச்சர், இரண்டு பேர் கொல்லர்கள், ஒருவர் வண்டி செய்பவர், ஒருவர் வெள்ளி வேலை செய்பவர். குடியை விடுவதென்று ஆறு பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். வாஷிங்டன் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அவர்கள் செய்த புதுமை ஒன்றுதான்: உபதேசிகளைக் கூப்பிடவில்லை. வாரா வாரம் கூடி, குடித்தவனே எழுந்து தன் கதையைச் சொல்வது என்று வைத்தார்கள். சில ஆண்டுகளில் லட்சக் கணக்கானவர்கள் அந்தச் சங்கத்தில் கையெழுத்திட்டார்கள். 1842-ல் ஆபிரகாம் லிங்கன் அவர்களுடைய கூட்டத்தில் பேசினார்.

ஆனால் பத்து ஆண்டு முடிவதற்குள் அந்த இயக்கம் சிதறிப் போயிற்று. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை உள்ளே புகுந்தது. அரசியல்வாதிகளும் மேடைப் பேச்சாளர்களும் நுழைந்தார்கள். குடித்தவனும் குடித்தவனும் முகம் பார்த்துப் பேசுவது என்ற மூல வேலை காணாமற் போயிற்று. இதை நம் தோழர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பின்னால் இந்த விஷயத்துக்குத் திரும்பி வருவோம்.

அடுத்த முயற்சி 1935-ல் வந்தது. இதைத் தொடங்கியவர்கள் உழைப்பாளிகள் அல்ல. பில் வில்சன் நியூயார்க் பங்கு மார்க்கெட் தரகர். குடியால் பிழைப்பைக் கெடுத்துக் கொண்டவர். அவர் ஒரு மெஷின் கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் பேரத்துக்காக ஆக்ரன் என்ற ஊருக்கு வந்தார். பேரம் தோற்றது. ஐந்து மாதமாகக் குடிக்காமல் இருந்த மனிதர் ஹோட்டல் கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கடை. இன்னொரு பக்கம் டெலிபோன். தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரனோடு பேசினால்தான் தப்பிக்கலாம் என்று அவருக்குப் பட்டது. தேவாலயங்களுக்கு டெலிபோன் செய்து, இந்த ஊரில் குடியோடு போராடுகிற ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை வைத்தியர் கிடைத்தார். கால் மணி நேரம் என்று வந்த டாக்டர் இரவு வெகு நேரம் வரை உட்கார்ந்து பேசினார். 1935 ஜூன் 10, அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாள். அதையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்ற அமைப்பின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். பெயர் சொல்லாத குடிநோயாளிகள் என்பது பொருள்.

(ஆக்ரன் ரப்பர் டயர் ஆலைகளின் ஊர். மறு ஆண்டே, 1936-ல், குட்இயர் ஆலைத் தொழிலாளர்கள் அங்கே நடத்திய வேலைநிறுத்தம் அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் பேர் போனது. இரண்டுக்கும் நேரடிச் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஒரே ஊரில், ஒரே நெருக்கடிக் காலத்தில், தனி ஆளால் ஆகாது என்பதை இரண்டு விதமாகக் கற்றுக் கொண்டிருக்கிறார்கள்.)

இந்தியாவுக்கு ஏ.ஏ. 1950-களிலேயே வந்து விட்டது. சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. ஆனால் நம் வாசகர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மத்திய சர்க்காருக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளிவந்த கணக்கெடுப்பு சொல்கிறது: இந்த நாட்டில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேர்?

உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு பள்ளிக்கூட அறை, அல்லது தேவாலயத்தை ஒட்டிய கூடம், அல்லது ஆஸ்பத்திரியில் ஓர் அறை. பத்து இருபது நாற்காலி. டீ. சந்தா கிடையாது, கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் சேருவதற்கு வேண்டிய தகுதி. வருகைப் பதிவேடு கிடையாது. ஊர் கேட்க மாட்டார்கள், ஜாதி கேட்க மாட்டார்கள், மில்லில் எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்க மாட்டார்கள்.

ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார். எப்படிக் குடித்தேன், என்ன ஆயிற்று, இப்போது எப்படி இருக்கிறேன் என்று சொல்கிறார். மனைவியின் தோட்டை அடகு வைத்ததைச் சொல்வார். மகளுடைய கல்யாணத்தில் விழுந்து கிடந்ததைச் சொல்வார். யாரும் சிரிப்பதில்லை, யாரும் புத்தி சொல்வதில்லை. கேட்டுக் கொண்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தங்கள் கதையாகவே இருக்கும். அவர் உட்கார்ந்ததும் இன்னொருவர். பேச விருப்பமில்லாதவர் பேசாமலே இருக்கலாம்.

சங்கக் கூட்டங்களுக்குப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். தீர்மானம் இல்லை, திருத்தம் இல்லை, ஓட்டெடுப்பு இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது என்ற அவர்களுடைய வழக்கத்தை நம் கமிட்டிகளும் கடன் வாங்கலாம்.

வாழ்நாள் முழுதும் குடிக்க மாட்டேன் என்று அங்கே சத்தியம் வாங்குவதில்லை. இன்று மட்டும் குடிக்காதே என்கிறார்கள். நாளைக் கதை நாளைக்கு. கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கிறது. ஆனால், "இனிச் செத்தாலும் தொடேன்" என்று சபதம் போட்டவன் ஒரு நாள் தவறினால், எல்லாம் போயிற்று என்று முழுகிப் போகிறான். "இன்று மட்டும்" என்றவன் தவறினால், நாளைக் காலை மறுபடி ஆரம்பிக்கிறான். தவறியவனைக் கூட்டத்திலிருந்து யாரும் விலக்குவதில்லை. திரும்பி வந்தால் அதே நாற்காலி.

இன்னொரு ஏற்பாடு உண்டு. முன்னாலே வந்து சில வருஷம் நிலைத்து நிற்பவர் ஒருவர், புதிதாக வந்தவருக்கு வழித்துணையாக இருப்பார். ஸ்பான்சர் என்கிறார்கள். கை நடுங்குகிற அந்த ஏழு மணிக்குக் கடைக்குப் போவதற்கு முன் அவருக்கு டெலிபோன் செய்யலாம். பேசிக் கொண்டே அவர் நேரத்தைக் கடத்தி விடுவார். தேவைப்பட்டால் வண்டி எடுத்துக் கொண்டு வந்தும் விடுவார். உதவுகிறவருக்கும் இதனால் லாபம் உண்டு. வில்சன் ஆரம்பத்தில் மாதக் கணக்கில் பல குடிகாரர்களோடு பேசிப் பார்த்தார், ஒருவரும் விடவில்லை, ஆனால் பேசிய அவர் குடிக்காமல் இருந்தார்!

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2020-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, 10,565 பேர் பங்கு பெற்ற 27 ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பரிசீலித்தது. குடியை முற்றிலும் நிறுத்தி வைப்பதில் ஏ.ஏ.வும், அதற்கு ஆளைத் தயார் செய்து அனுப்பும் சிகிச்சையும், மற்ற மனநலச் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, சில வகையில் மேலானவை என்று கண்டது. போனவர் எல்லாம் தேறி விடுகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு தடவை போய் விட்டு, "நமக்கு ஒத்து வரவில்லை" என்று வந்து விடுகிறவர்கள் நிறைய. முதல் நாள் எவருக்கும் ஒத்து வராது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, "நாம் இவ்வளவு மோசமில்லை" என்று நினைக்காத ஆளே இல்லை. பத்துத் தடவையாவது போய்ப் பார்த்து விட்டுச் சொல்ல வேண்டும்.

"அங்கே கடவுளைப் பற்றிப் பேசுகிறார்களாமே" என்று சில தோழர்கள் தயங்குகிறார்கள். உண்மைதான். அவர்களுடைய 12 படிகளில் பாதி கடவுளைப் பற்றியோ, நம்மை விடப் பெரிய சக்தியைப் பற்றியோ பேசுகின்றன. அவரவர் புரிந்து கொண்டபடி என்றும் சேர்த்திருக்கிறார்கள். நாத்திகர்கள் பலர் அங்கே போய் விட்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தையே தங்களை விடப் பெரிய சக்தியாக வைத்துக் கொள்கிறார்கள். மில் வாசலில் தனியாக நின்று கூலி கேட்டால் என்ன கிடைக்கும், ஆயிரம் பேராக நின்று கேட்டால் என்ன கிடைக்கும் என்று அறிந்த தொழிலாளிக்கு, தன்னை விடப் பெரிய சக்தி எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரார்த்தனை வாசகம் சொல்லும்போது வாயை மூடிக் கொண்டிருக்கலாம். சாராயக் கடையில் சாமி படத்துக்கு விளக்கேற்றி வைத்திருந்தபோது, அதற்காக எவரும் குடிக்காமல் திரும்பி வரவில்லையே!

"ஊருக்குத் தெரிந்து விடும்" என்பது அடுத்த பயம். குடித்தது ஊருக்குத் தெரியாதா? தெருவில் விழுந்தபோது பார்க்காத கண் எது? விடப் போகிறார் என்பது ஒன்றுதான் இதுவரை தெரியாமல் இருக்கிறது. அதையும் அங்கே ரகசியமாகக் காப்பாற்றுகிறார்கள்.

உயிருக்கு ஆபத்து

கூட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். இதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பல வருஷம் தினசரி அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். முதல் நாளில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாள் முதல் நான்காவது நாள் வரையில் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியையும் இல்லாத ஆட்களையும் பார்த்துப் பயந்து கத்துவார்கள். பேய் பிடித்து விட்டது என்று மந்திரவாதியிடம் கொண்டு போகிறார்கள். சிலர், "குடிக்காததால்தான் இப்படி ஆயிற்று" என்று இரக்கப்பட்டு மறுபடி ஊற்றுகிறார்கள். இரண்டும் தவறு. அது நிறுத்தியதால் வரும் உடல் கோளாறு. மருந்தும் வைட்டமின் ஊசியும் கொடுத்து டாக்டர்கள் சில நாளில் சரிப்படுத்தி விடுவார்கள். ஆகவே முதலில் அரசு ஆஸ்பத்திரி, பிறகு கூட்டம்.

"அவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்த மருந்து" என்று சுவரில் விளம்பரம் ஒட்டுகிறார்கள். சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். என்ன பொடி என்று யாருக்கும் தெரியாது. டைசல்பிரம் என்ற மருந்தாக இருந்தால், அதன் மேல் குடிக்கும்போது ரத்த அழுத்தம் விழுந்து ஆள் செத்தும் போகலாம். டாக்டர்கள் அந்த மருந்தைக் கொடுப்பதுண்டு; நோயாளிக்குச் சொல்லி, சம்மதம் வாங்கி, பரிசோதித்துக் கொடுக்கிறார்கள். தெரியாமல் கொடுப்பது வைத்தியம் அல்ல.

அடித்துத் திருத்துகிறோம் என்று ஆளைக் கட்டித் தூக்கிப் போகும் இல்லங்களும் முளைத்திருக்கின்றன. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டப்படி அந்த இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

குடிக்கிறவன் ஒருவன், படுகிறவர்கள் நாலு பேர். குடிநோயாளிகளின் மனைவிமார்களுக்கும் பெற்றோருக்கும் அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951-ல் அமெரிக்காவில் தொடங்கி, இங்கும் வந்திருக்கிறது. பல பெண்களுக்கு, "என்னால்தான் இவர் குடிக்கிறார்" என்ற எண்ணத்தை ஊரே ஏற்றி வைத்திருக்கிறது. அது பொய் என்று இன்னொரு பெண் வாயிலிருந்து கேட்பதற்கு அங்கே வழி உண்டு. குடிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற பெண்கள் உடல் வலிக்குக் குடித்துப் பழகியதை நாம் அறிவோம், பேசுவதில்லை. ஆணுக்கு ஒரு பங்கு அவமானம் என்றால் பெண்ணுக்குப் பத்துப் பங்கு. மாதர் சங்கத் தோழர்கள் இதைக் கையில் எடுத்துக் கொள்ள வேண்டும்.

எங்கே போய்க் கேட்பது?

ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே கேட்டால் சிகிச்சையும் கிடைக்கும், பக்கத்தில் கூட்டம் நடக்கும் இடமும் பெரும்பாலும் தெரியும். 14416 என்ற எண்ணில் மனநல உதவி, 14446 என்ற எண்ணில் குடி, போதை மறுவாழ்வு உதவி. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு கைபேசியிலேயே கூட்டம் நடத்துவதும் பரவியிருக்கிறது; நைட் ஷிப்டுக்காரருக்கு இது தோதாக இருக்கும்.

ஆனால் தாலுகா ஊர்களிலும் கிராமங்களிலும்? பெரும்பாலான இடங்களில் ஒன்றும் இல்லை. பஸ் பிடித்து ஜில்லாத் தலைநகரம் போய் வர ஒரு நாள் கூலி போய் விடும். விவசாயத் தொழிலாளியின் உண்மையான கஷ்டம் இதுதான்.

கிராமத்தில் இது முடியாது என்று சொல்பவர்களுக்கு மஞ்சக்குடியைக் காட்டலாம். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் குடிநோய்க்கென்று ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவினார். பெரிய முதலாளிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நம் அணியைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் செய்த வேலையைச் சொல்லத்தான் வேண்டும். அந்த நிலையம் இன்றைய திருவாரூர் ஜில்லா மஞ்சக்குடியில் முகாம் போட்டது. நோயாளியை நகரத்துக்கு இழுக்காமல், கிராமத்திலேயே தங்க வைத்து, ஊரார் ஒத்தாசையோடு, குடும்பத்தாரையும் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தார்கள். அந்த அனுபவத்தை அவர் 1994-ல் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். பழைய தஞ்சை ஜில்லாவின் ஒரு கிராமத்தில் அன்றே முடிந்தது, 48,344 கோடி சம்பாதித்த சர்க்காருக்கு ஒவ்வொரு தாலுகாவிலும் ஏன் முடியாது? இந்தக் கோரிக்கையை நம் சங்கங்கள் கூலி உயர்வுக் கோரிக்கையோடு சேர்த்து எழுத வேண்டும்.

சேர்த்து எழுத வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் சத்தீஸ்கர் பகுதியில், பிலாய் உருக்காலைக்கு இரும்புக் கல் வெட்டித் தரும் தல்லி ராஜ்ஹரா சுரங்கத் தொழிலாளர்கள் போராடிக் கூலியை உயர்த்தினார்கள். உயர்ந்த கூலி சாராயக் கடைக்குப் போவதைச் சங்கர் குஹா நியோகி தலைமையிலிருந்த அவர்களுடைய சங்கம் பார்த்தது. குடிக்கு எதிரான இயக்கத்தைச் சங்க வேலையாகவே எடுத்துக் கொண்டது. நியோகி 1991-ல் கொலை செய்யப்பட்டார். கூலிக்காகப் போராடிய கையாலேயே குடியையும் எதிர்க்கலாம் என்று அந்தச் சங்கம் காட்டிச் சென்றிருக்கிறது.

சங்கக் கட்டடத்தின் சாவி

கூட்டம் இல்லாத ஊரில் கூட்டத்தை ஆரம்பிக்க யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. குடியை விட விரும்பும் இரண்டு மூன்று பேர் அதற்காகக் கூடினால் அது ஒரு குழு என்பது ஏ.ஏ.வின் விதி. அந்த இரண்டு மூன்று பேர் உங்கள் கிளையிலேயே இருக்கிறார்கள். யார் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு இல்லாதது உட்கார ஓர் இடம். சங்க ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை மாலை பூட்டிக் கிடக்கிறது.

முன்னே சொன்ன பால்டிமோர் கதையை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அறையைக் கொடுங்கள், தலைமை தாங்கப் போகாதீர்கள். ஏ.ஏ. எந்தக் கட்சியோடும் சேராது, வெளி விவகாரம் எதிலும் அபிப்ராயம் சொல்லாது. மதுவிலக்கு பற்றிக்கூடச் சொல்லாது. பழைய இயக்கம் சிதறியதிலிருந்து கற்றதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் நம் கொடியையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். எதிர்ச் சங்கத்து ஆள் வந்தாலும் வரட்டும். மேஸ்திரியே வந்தாலும் வரட்டும். சேரித் தெருவும் ஊர்த் தெருவும் ஒரே பெஞ்சில், ஒரே வகை டம்ளரில் டீ குடிக்கிற இடமாக அது இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள். கடையில் ஒரே பாட்டிலைப் பகிர்ந்தவர்களுக்கு இது கஷ்டமாக இருக்காது.

முதல் தடவை நடத்திக் காட்ட, பக்கத்து நகரத்துக் குழுவிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டால் அவர்களே பஸ் சார்ஜ் போட்டுக் கொண்டு வருவார்கள். ஷிப்டு மாறுகிற நேரத்தைப் பார்த்துக் கூட்ட நேரத்தை வையுங்கள். டீச் செலவைச் சங்கக் கணக்கில் எழுத வேண்டாம். வெளிப் பணம் வாங்குவதில்லை என்பது அவர்கள் வழக்கம். வந்தவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக் கொள்வார்கள். அறைக்கும் ஏதோ ஒரு சிறு தொகை வாடகையாகக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் கொண்டு ரசீது கொடுங்கள்; ரசீதில் யார் பெயரையும் எழுத வேண்டாம்.